வெங்காயம் விட்ட தண்ணீர்

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து திரும்பும்போது, தொப்பூருக்கு முன்னால் ஒரு சாலையோரக் கடையில் பிரியாணி வாங்கினோம். கூடவே தயிர் வெங்காயம், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில். பையின் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. என் மனைவி அதைக் கொட்டப் போனாள். "கொட்டாதே" என்றேன். ஏன் என்று அவள் கேட்பதற்குள் நான் பென்னாகரம் போய்விட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். அன்ஸாரும் நானும் தர்மபுரியில் பி.யு.சி. படித்தோம். விலங்கியலில் அவன் தேறவில்லை. நான் தேறினேன், மதிப்பெண்ணை வெளியே சொல்லும் அளவுக்கு அல்ல. பென்னாகரத்தில் துணிக்கடை வைத்திருந்த அவன் அத்தா, அன்றிலிருந்து மகனோடு நேரடியாகப் பேசவில்லை. எதிரே நிற்பவனுக்கும் அவன் அம்மா வழியாகத்தான் சேதி போகும். அடுத்த சித்திரையில் அன்ஸாரின் அக்காவுக்குக் கல்யாணம் வந்தபோதும் அப்படியே: "வெங்காயமாச்சும் அறுப்பானான்னு கேளு."

அறுத்தான். பிரியாணிக்குத் தயிர் வெங்காயம் செய்வது அந்தத் தெருவில் கல்யாண வீட்டுப் பையன்களும் அவர்கள் நண்பர்களும் பார்க்கும் வேலை. மதம் பார்ப்பதில்லை; கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும். நாங்கள் நாலைந்து பேர் விடிந்ததும் கண்ணீரோடு உட்கார்ந்துவிட்டோம். அத்தா எட்டிப் பார்க்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று அன்ஸார் வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சைமிளகாய் அத்தனையிலும் காலையிலேயே உப்பைக் கலந்து மூடிவிட்டான். உப்பு கடைசியில் போடுவது. அவசரத்தில் யாருக்கும் அது நினைவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் காரிமங்கலத்திலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் டயர் பஞ்சர். உச்சி வெயிலாகியும் வந்து சேரவில்லை. அண்டாவைத் திறந்தால், துவண்ட வெங்காயம் தண்ணீரில் மிதந்தது.

"எவன்டா தண்ணி ஊத்துனது?" என்றான் அன்ஸார்.

"யாரும் ஊத்தல. வெளிய உப்பு ஜாஸ்தி ஆச்சுன்னா, செல்லுக்குள்ள இருக்கற தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துரும்" என்றேன்.

"அந்தப் பாடத்துலதான்டா பெயிலானேன். கண்ணு முன்னாடியும் வரணுமா?"

வெங்காயத்தைச் சுத்தமான வேட்டித் துணியில் பிழிந்து தனியே வைத்தோம். மிஞ்சிய தண்ணீரை அத்தா பார்ப்பதற்குள் சாக்கடையில் கொட்டிவிட அன்ஸார் தூக்கினான். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். நின்றான்.

"நல்லாத்தான்டா இருக்குது."

தெருமுனையில் லாரி சத்தம் கேட்டது. திறந்த லாரியில் நின்றே வந்தவர்கள், சட்டை முதுகில் ஒட்ட இறங்கினார்கள். ஒரு பெரியவர் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்ஸார் மிச்சத் தயிரைக் கடைந்து, பானைத் தண்ணீரும் வெங்காயத் தண்ணீரும் சேர்த்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

நம் உடம்புத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளும் ஒரு பங்கு வெளியிலும் இருக்கிறது. வியர்வை அந்த வெளிப் பங்கிலிருந்து போகிறது, உப்பையும் எடுத்துக்கொண்டு. வெறும் தண்ணீர் அதை முழுதாக ஈடுகட்டாது. இதைத் தேர்வில் எழுதியவன் நான். வாளியோடு ஓடியவன் அன்ஸார்.

பெரியவர் இரண்டு டம்ளர் குடித்தார். "இது எந்தூரு பக்குவமுங்க? எங்கூர்ல இப்படி மோரே இல்லீங்களே" என்றார். அத்தா கேட்டுக்கொண்டே நின்றார். காலையிலிருந்து ஓடியதில் அவர் சட்டையும் நனைந்திருந்தது. உள்ளே இருந்த மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக மகனிடமே கை நீட்டினார்.

"டேய் அன்ஸாரு. எனக்கும் ஒண்ணு குட்றா."

அன்ஸார் ஊற்றியதில் பாதி கீழே சிந்தியது.

பிற்பாடு பத்திரிகை வேலையில் எத்தனையோ விருந்துகளுக்குப் போய்ச் செய்தி எழுதினேன். அந்த மோரைப் போல ஒரு செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

போன சித்திரையில் அன்ஸாரின் பேத்திக்குக் கல்யாணம். குளிரூட்டிய மண்டபம். சமையல்கட்டுக் கதவில், உள்ளே வரக்கூடாது என்று பலகை. இருவரும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். "நமக்கு ஏதாச்சும் வேல இருக்குதான்னு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றான். நான் சுற்றிலும் பார்த்தேன். ஐந்நூறு பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் வியர்க்கவில்லை.