ஆறாம் மாடியில் திறந்த கதவு

1. மரக்கறிப் பை

வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி பிளாட். லிஃப்ட் கீழ்மாடியில் நிற்க, ஆறாம் மாடியில் கதவு திறந்துவிட்டது. அந்த மாடியில் குடியிருக்கும் மிஸிஸ் நடராஜா, சந்தைக்குப் போக முன்னே உருட்டிய சில்லு வைத்த மரக்கறிப் பைதான் முதலில் உள்ளே போனது. அது விழுந்த சத்தம் வரச் சுணங்கியதால் அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். இல்லாவிட்டால் பைக்குப் பின்னால் அவரும் போயிருப்பார்.

அந்த லிஃப்டைப் பராமரித்த கொம்பனியில் நான் சேர்விஸ் சுப்பர்வைசர். போய்ப் பார்த்தேன். லிஃப்ட் வராமல் கதவைத் திறக்கவிடாத டோர் லொக் தேய்ந்து போயிருந்தது. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினேன்.

2. பெரியவரும் மகனும்

கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் கொம்பனியைத் தொடங்கிய பெரியவர் வாய் கெட்ட மனிதர். தேய்ந்த பார்ட்டை மாற்றாமல் வந்தவனுக்கு அவர் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. அவர் கண்ணை மூடியதும் மகன் வந்தார். தங்கமான வாய். எங்களுக்கெல்லாம் டை கொடுத்தார். டையோடு லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கினால் தூக்குக் கயிறு தனியாகத் தேவைப்படாது என்றேன். சிரிக்கவில்லை. 'பாதுகாப்பே எங்கள் சுவாசம்' என்று ஒஃபிஸ் சுவரில் பித்தளை எழுத்துப் பதித்தார். அதோடு ஸ்பெயார் பார்ட்ஸ் வருவது குறைந்தது. இந்த டோர் லொக்கையும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தேன்.

மிஸிஸ் நடராஜா பக்கத்தில் நிற்க, பெரியவரின் மகனுக்குப் போன் எடுத்தேன்.

"அங்கிள், ஏன் ஓஃப் பண்ணினீங்கள்? லொக்கை பைபாஸ் பண்ணி ஓட விடுங்கோ. பார்ட் வந்தாப்பிறகு மாத்துவம்."

"அதுக்குள்ள ஆள் விழுந்தா?"

"நெகட்டிவா கதைக்காதீங்கோ, அங்கிள்."

"உங்கட முதலாளி என்னவாம்?" என்று மிஸிஸ் நடராஜா கேட்டார்.

கொம்பனி மானத்தைக் காக்க ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "இப்பிடியே ஓடட்டுமாம்."

அவர் போனை வாங்கினார். "தம்பி, நீர் உடன வெளிக்கிட்டு வாரும். ஆறாம் மாடியில, அந்தக் கதவடியில நிண்டு கதைப்பம்."

மகன் வரவில்லை. பிளாட்காரர் ஒப்பந்தத்தை முறித்தார்கள். கொம்பனி எனக்கு ஓய்வு கொடுத்தது. கேக் வெட்டி, செத்தவீட்டில் பேசுவதுபோல என்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள்.

3. இரத்மலானை

எங்களிடம் வேலை பழகிய ரவி, இரத்மலானையில் சின்னதாய் ஒரு லிஃப்ட் சேர்விஸ் கடை போட்டிருந்தான். அந்தப் பிளாட் அவனிடம் போனது. நானும் போனேன். முதல் வேலையாக டோர் லொக்கை மாற்றினோம்.

அண்மையில் ஒரு ஹோட்டல்காரர் போன் எடுத்து, தன் கட்டடங்களின் லிஃப்ட் வேலை எல்லாவற்றையும் தருவதாகச் சொன்னார். லிஃப்டைத் தூக்கும் தேய்ந்த கம்பிவடங்களைச் சுற்றுலா சீசன் முடியும்வரை தொடக்கூடாது என்பது நிபந்தனை. ரவி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "ஏலாது சேர்" என்று போனை வைத்தான். பிறகு நாள் முழுக்க முகம் கறுத்திருந்தான்.

"பெரிய ஜொப் அண்ணை. போயிட்டுது."

"ஓம், போயிட்டுது."

ஒரு கொம்பனி எப்போது கெடத் தொடங்கும் என்று புதுப் பெடியன்கள் கேட்பார்கள். 'ஏலாது' என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும் அன்றைக்கு. எங்கள் கடையில் இன்றைக்கு ஆள் இருக்கிறது. நாளைக்கு வந்தும் கேளுங்கள்.