டீசல் குழாயில் ஒரு குடித்தனம்

மழை மாதம் முழுக்கக் கொட்டகையில் நின்ற பிக்கப்பில் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் கரடியூரிலிருந்து நானும் என் கணவரும் சேலத்துக்குக் கிளம்பினோம். வழியில் டீசல் போடும்போது பம்ப் திரும்பத் திரும்ப நின்றது. டீசல் பொங்கி வெளியே வழிந்தது.

"டேங்க் நொம்பீருச்சுங்க" என்றார் பங்க்காரர்.

மலை இறக்கம் தொடங்கும் முன் மீட்டரைப் பார்த்தேன். "ஏனுங்க, முள்ளு அடியிலயே கெடக்குதுங்களே."

"மீட்டரு கெட்டிருக்கும் புள்ள" என்றார் கணவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் நின்றால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். டேங்கிலிருந்து காற்று வெளியேறும் சின்னக் குழாயின் வாயைச் செம்மண் அடைத்திருந்தது. குச்சியால் நெம்பியதும் ஒரு குளவிக் கூடு அப்படியே கையில் வந்தது. உடைந்த ஓரம் வழியே மயங்கிக் கிடந்த சிலந்திகளும் நடுவே ஒரு வெள்ளைப் புழுவும் தெரிந்தன. பிள்ளைக்குச் சோறு வைத்து, கதவையும் பூசிவிட்டுப் போயிருக்கிறாள் தாய். விரல் நுனியளவு மண், எங்கள் வண்டியையே நிறுத்தப் பார்த்திருக்கிறது.

பங்க்குக்குத் திரும்பிப் போனபோது, காற்று வெளியேற வழி கிடைத்ததால் டீசல் தடையில்லாமல் இறங்கியது.

இப்போது மழைக்கு முன்பே அந்தக் குழாய்க்குக் கொசுவலைத் துணி கட்டிவிடுகிறேன். கொட்டகைத் தூணில் அதே அளவு மூங்கில் துண்டு ஒன்றையும் கட்டியிருக்கிறேன். போன வாரம் பார்த்தேன், அதன் வாயில் ஈரச் செம்மண் பூசியிருந்தது.