ரீத்தாவுக்கு அப்போது ஒன்பது மாதம்

முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரிங்காப்புக்குத் திரும்பும் லோரி எங்கள் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நிற்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை நின்றது. ஓட்டுநர் முனியாண்டி இறங்காமலே தலையை வெளியே நீட்டினார். "அக்கா, பெரிய கிராணி போய்ட்டாரு லா. ரிங்லெட்ல, மக வீட்ல. விடியக்காலைலதான். ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிடுங்க." லோரி போய்விட்டது. ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர் என்று என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சிறிது நேரம் வாசலிலேயே நின்றேன்.

சவரிமுத்து என்ற பெயர் மேல் டிவிஷனில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஆபீசின் தலைமை எழுத்தர் என்பதால் பெரிய கிராணி என்றால் போதும். எழுபதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் பட்டம் வாங்கிக்கொண்டு, பிறந்த எஸ்டேட்டுக்கே நான் இளைய கிராணியாக வந்தேன். முதல் நாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பி.ஏ.வா? சரி, பி.ஏ., மொதல்ல அந்த சன்னலச் சாத்து. பனி உள்ள வருது பாரு" என்றார். கடைசிவரை எனக்கு அதுதான் பெயர். பணிவானவர் என்று அடக்கத்தன்று சிலர் பேசினார்கள். பணிவு அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. சட்டைக் கஞ்சி முதல் கையெழுத்து வரை எல்லாவற்றிலும் கர்வம் உள்ளவர். அந்தக் கர்வத்தைத்தான் நான் மதித்தேன்.

தோட்டத் துரைமாருக்கென்று இருந்த கிளப்பிலிருந்து பெரிய மலர்வளையம் வந்திருந்தது. அதன் செயலாளர் இப்போது நம்மவர்தான். கல்லறைத் தோட்டத்தில் நின்று, நாய்ப் போட்டிகளில் எங்கள் எஸ்டேட்டுக்குக் கோப்பை கோப்பையாக வாங்கித் தந்தவர் சவரிமுத்து என்று பேசினார். என் பக்கத்தில் நின்ற சவரிமுத்துவின் மனைவி ஆக்னஸ் அக்கா கைக்குட்டைக்குள்ளிருந்து முணுமுணுத்தார்: "கப்பு கப்புங்கிறான். அதுல ஒன்னுலயாவது நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிருக்கேனா, கேளு." அந்தக் கோப்பைகள் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நாயின் பெயரும் ஒரு துரையின் பெயரும் பொறித்திருக்கும்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வழக்கம் நினைவிருக்கும். கிளப் மைதானத்தில் ஆண்டுதோறும் கீழ்ப்படிதல் போட்டி நடக்கும். நாய் காலோடு ஒட்டி நடக்க வேண்டும். கூப்பிட்டதும் வர வேண்டும். கடைசியில், கூட்டிவந்தவர் கண்ணுக்கு மறைந்த பிறகும் மற்ற நாய்களோடு வரிசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். துரையின் நாயைக் குட்டியிலிருந்து பழக்குவது சவரிமுத்து. கொழுந்து நிறுக்கும் நேரத்தில், கூடைகளும் கூச்சலும் லோரிச் சத்தமும் நிறைந்த கொட்டகைக்குப் பக்கத்திலேயே பழக்குவார். போட்டியன்று கயிறு துரையின் கைக்குப் போய்விடும். இவர் கிளப் சமையலறைக்குப் பின்னால், காற்று எதிர்த்திசையில் வீசும் இடமாகப் பார்த்துப் போய் நிற்க வேண்டும். "என் வாடை அடிச்சா அது தொரைய மனுசனாவே மதிக்காது, பி.ஏ." என்று சிரிப்பார். கைதட்டலை வைத்துத்தான் வெற்றியைத் தெரிந்துகொள்வார்.

துரைமார் அவசரக்காரர்கள். குட்டிக்கு ஆறு மாதமானதும், இந்த வருடமே போட்டியில் இறக்கலாமா என்று கேட்பார்கள். சவரிமுத்து அசைந்து கொடுத்ததில்லை. ஒன்றரை வயது ஆக வேண்டும். "சொன்னதெல்லாம் செய்யுதே, கிராணி?" என்று ஒரு துரை கேட்டபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "செய்யும் தொரை. செய்யத் தெரியும், தாங்கத் தெரியாது" என்றார். பிறகு எனக்கு விளக்கினார். உட்காருவதையும் வருவதையும் இரண்டு மாதக் குட்டிக்கே விளையாட்டுப்போலச் சொல்லித் தரலாம். ஆனால் முன்பின் தெரியாத நாய்களுக்கு நடுவில், போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாமல் படுத்திருக்க, உடம்பு வளர்ந்து அடங்கியிருக்க வேண்டும். பெட்டையாக இருந்தால் முதல் பருவம் கடந்திருக்க வேண்டும். "அதுக்கு முன்ன படுக்க வெச்சாலும் படுக்கும். ஒடம்பு படுத்திருக்கும், உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் கிளப்புக்குத் திடீரென்று தாராள மனம் வந்தது. எஸ்டேட் சிப்பந்திகளும் சொந்த நாயைச் சொந்தப் பெயரில் இறக்கலாம் என்றார்கள். இந்த ஒரு வருடம் வைத்துப் பார்ப்போம், பிறகு யோசிப்போம் என்றார்கள். சவரிமுத்து தனக்கென்று முதன்முதலாக வளர்த்த நாய் அப்போதுதான் வீட்டில் இருந்தது. ரீத்தா. அல்சேஷன் பெட்டை. ஒன்பது மாதம்.

அவர் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று நான் கேட்டேன். "ஒன்றரை வயசுன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க?"

"நாந்தான் சொன்னேன். இல்லன்னா சொன்னேன்?"

"அடுத்த வருஷம் எறக்கலாமே."

"அடுத்த வருஷமும் தொறந்து வெச்சிருப்பாங்கன்னு ஒங்க காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?" பிறகு குரல் தாழ்ந்தது. "கதவ எப்பத் தொறக்கறதுன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டா தொறக்கறாங்க? நாய் வளர்ற வரைக்கும் கதவு நிக்காது. கதவு சாத்திட்டா, நாய் வளந்து என்ன லா செய்ய?"



போட்டியன்று லயங்களில் குடியிருந்த தொழிலாளர்கள் வேலிக்கு வெளியே திரண்டிருந்தார்கள். வெள்ளைக் காற்சட்டையும் கழுத்தில் டையுமாக சவரிமுத்து மைதானத்துக்குள் வந்தார். கொழுந்தெடுக்கும் தங்கம் கத்தினாள்: "ஏய், கிராணி மாப்பிள மாதிரில்ல வர்றாரு! பொண்ணு நாலு காலுல வருது பாரு!" அவரும் சிரித்துவிட்டார். ரீத்தா அவர் காலோடு நிழல்போல நடந்தது. கூப்பிட்டதும் அம்புபோல வந்தது. வேலியோரம் சத்தமே இல்லை. 

கடைசியாக வரிசை. "இரு" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு அவரும் கட்டடத்துக்குப் பின்னால் போனார். அப்போது மலையிலிருந்து பனி இறங்கியது. பிற்பகலில் இங்கே வழக்கமாக இறங்கும் பனிதான். வளர்ந்த நாய்கள் தாடையைத் தரையில் வைத்துக்கொண்டன. ரீத்தா மட்டும் தலையைத் தூக்கியது. அவர் போன திசையில் கட்டடமே தெரியவில்லை. அந்த நேரம் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. ரீத்தா எழுந்து, சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்தில் படுத்திருந்த துரையின் நாயை மிதித்துக்கொண்டு ஓடி, தேநீர் மேசைக்கு அடியில் புகுந்தது. துரையின் நாய் அசையவே இல்லை. அவ்வளவு நன்றாக அதைப் பழக்கியிருந்தார் சவரிமுத்து.

அவர் வந்து மண்டியிட்டுக் கூப்பிட்டார். அது வரவில்லை. அது பயத்தில் பெய்த மூத்திரத்தில் மேசை விரிப்பு நனைந்திருந்தது. சிரித்தார்கள். அப்போதைய செயலாளர் அவர் தோளில் தட்டி ஆங்கிலத்தில் சொன்னதை வேலியோரம் நின்ற நானும் கேட்டேன்: பரவாயில்லை கிராணி, உங்கள் ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் ஆக வேண்டும். ஒன்பது மாதக் குட்டியின் பயத்தை வைத்து எங்கள் எல்லோரையும் அளந்து முடித்துவிட்டார். அடுத்த வருடம் சிப்பந்திகளைப் பற்றிய பேச்சே இல்லை. மூடிவிட்டோம் என்று சொல்லும் மரியாதையைக்கூட யாரும் எங்களுக்குச் செய்யவில்லை.

அதன் பிறகு "இரு" என்ற சொல்லைக் கேட்டாலே ரீத்தா நடுங்கும். அவர் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். எங்கே போனாலும் "நீயும் வா" என்பார். ஆபீசில் அவர் மேசைக்கு அடியிலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் படியிலும் அது கிடந்தது. துரை புதுக் குட்டியை அனுப்பியபோது, "என் வாய்க்கு அந்த வார்த்த வரல தொரை" என்று திருப்பி அனுப்பினார். துரை அவரிடம் சிரித்துப் பேசுவது அன்றோடு நின்றது. ரீத்தா கிழடாகிச் செத்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "பயம் என்னுது, பி.ஏ. கதவு சாத்திருமோன்னு எனக்குத்தான் பயம். அதுக்குக் கதவு இருக்கறதே தெரியாது. எம் பயத்த அதும்மேல ஏத்திட்டேன்."

தன்னைத் தவிர யாரையும் அவர் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அவர் செய்தது தவறுதான். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் ஒன்றரை வருடம் வாங்கிக் கொடுத்த மனிதருக்கு, இன்னும் ஒரு வருடம் கொடுக்க அந்தக் கிளப்பில் யாருக்கும் மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது இப்போதைய செயலாளர் என்னை நிறுத்தினார். "இந்த வருஷம் அவர் ஞாபகார்த்தமா சிப்பந்திகளுக்கும் போட்டி வெக்கறோம். ஒங்ககிட்ட ஒரு குட்டி இருக்காமே, கொண்டாங்க."

"அதுக்கு இன்னும் வயசு ஆகல."

"அடுத்த வருஷம் வெப்போமான்னு சொல்ல முடியாதுங்க. வெச்சுப் பாத்துட்டுத்தான்..."

"வெக்காட்டி போகட்டும்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் அது சுலபமாக இல்லை. அந்த மைதானத்தில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. சவரிமுத்து எல்லாத் துரைகளிடமும் சொல்லி, தன்னிடம் மட்டும் சொல்ல முடியாமல் போன அந்த மறுப்பைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது இனிக்கவில்லை. வீட்டு வாசலில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. "நீயும் வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.