நிலவறை ராசிக்காரி

வருடத்தில் பதினோரு மாதம் பெர்னடெட் சோபோட்காவை ஓரிடத்தில் உட்கார வைப்பது கஷ்டமான காரியமில்லை. அக்டோபர் பிறந்து, எங்கள் ஊர் ஸ்டீமர்ஸ் அணியும் இன்னும் வெளியேறாமல் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தால் மட்டும், கட்டிப்போட்டாலும் நடக்காது.

அவளுக்கு அறுபத்தோரு வயது. ஓஹையோவில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவில், பிறந்த வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் புகுந்த வீடு. இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு செய்கிறாள். அங்கே கரண்டியால் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டால், பிள்ளைகள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. வானொலியில் ஸ்டீமர்ஸின் பந்து வீசும் பிட்ச்சர் சொதப்பியிருப்பான். வால்ட் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்ததே ஒரு ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில்தான். "இது முடியட்டும், சொல்றேன்" என்றாள். அன்றைக்கென்று ஆட்டம் சமனாகிப் பதினான்கு இன்னிங்ஸ் வரை இழுத்தது. மனுஷன் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நேரமும் காத்திருந்தான்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் ஆயுளில் ஸ்டீமர்ஸ் ஒரே ஒரு தடவைதான் இறுதித் தொடருக்குப் போனது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, உடம்பெல்லாம் அம்மை. தம்பிகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மாடி அறையில் தனியாகப் போட்டுவிட்டார்கள். கீழே வீடே கூத்தாடியது. அவள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வருடம் ஆயிற்று, அதை ஒரு தடவை தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை மட்டும் ஆறவில்லை.

இந்த அக்டோபரில் அந்த ஆசைக்கே ஆபத்து வந்தது. ஏழு ஆட்டங்களில் நாலு ஜெயித்தவர்கள் இறுதித் தொடருக்குப் போகலாம். முதல் இரண்டையும் ஸ்டீமர்ஸ் கோட்டை விட்டது. மூன்றாவதிலும் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, பார்க்கச் சகிக்காமல் துணியைத் துவைத்தாவது தொலைக்கலாம் என்று பெர்னடெட் நிலவறைக்கு இறங்கினாள். திரும்பி வருவதற்குள் ஐந்து ரன். ஆட்டம் ஜெயம். நான்காவதில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை எதிரணி வெளுத்து வாங்கியது. வால்ட் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கீழே போனாள், ஸ்டீமர்ஸ் ஜெயித்தது. ஐந்தாவதில், சும்மா காதாலாவது கேட்போமே என்று வானொலியைக் கூடவே கொண்டுபோனாள். தோற்றார்கள். ஆறாவதில் வானொலி இல்லை, சலவை இயந்திரம் மட்டும். ஜெயித்தார்கள். நடுவில் ஒரு தடவை இயந்திரம் நின்றபோதுதான் எதிரணிக்கு இரண்டு ரன் போனது என்று பிறகு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆக, சட்டம் முடிவாயிற்று. பெர்னடெட் கீழே இருக்க வேண்டும். பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏழாவது ஆட்டம் சனிக்கிழமை மதியம். கூடத்தில் வால்ட், அவன் தங்கை ஐர்மா, பக்கத்து வீட்டு கஸ். கஸ் ஆள் அலமாரி மாதிரி இருப்பான். பியரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் வாட்டிக்கொண்டுவந்து வைத்த பெர்னடெட், வாசல்படியிலேயே காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"என்ன பெர்னி, இன்னும் இங்கயே நிக்கறே?" என்றாள் ஐர்மா.

"இன்னும் ஆரம்பிக்கலையே. பசங்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"மூஞ்சிய நாளைக்குப் பேப்பர்ல பாத்துக்கோ. நீ பாத்தியோ, பிட்ச்சர் பந்த எங்க போடறதுன்னே மறந்துடுவான்."

"ஏன்டி, சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். இப்பத்தான் என் கண்ணு கொள்ளிக்கண்ணாயிடுச்சா?"

கஸ் வாய் நிறைய பியரோகியோடு சமாதானம் பேசினான். "சேச்சே, நீ ராசிக்காரி பெர்னி. கீழ இருந்தா ராசிக்காரி, அவ்ளோதான்."

வால்ட் துணிக்கூடையைத் தூக்கி அவள் கையில் வைத்தான். "அம்மா தாயே, புறப்படு."

இந்த ஒரு நாளுக்காக அவள் அழுக்குத் துணி சேர்த்து வைத்திருந்தாள். அந்த வாரம் வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட யாரையும் துவைக்க விடவில்லை. கஸ்கூடத் தன் பங்குக்கு இரண்டு போர்வை கொண்டுவந்திருந்தான்.

கீழே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் சூடாக்கும் தொட்டியிலிருந்து படிக்கட்டு வரை பதினொரு எட்டு, திரும்பப் பதினொரு எட்டு. மேலே தரை அதிர்ந்தால் நல்ல சேதி. சத்தமே இல்லாவிட்டால் நடை இன்னும் வேகமாகும். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "என்னதான் ஆச்சு?" என்று கத்தினாள். "சொல்லக் கூடாது! பேசாம துவை!" என்று மூன்று குரல் ஒன்றாக வந்தது. கஸ் பீர் குடித்த புண்ணியத்தில் இன்னிங்ஸ் கணக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் அவன் கழிவறைக்குப் போவான். சுவரோரக் குழாயில் தண்ணீர் சடசடவென்று இறங்கும். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

எட்டு தடவை இறங்கியாயிற்று. இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்.

அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றது. கூடையைப் பார்த்தாள், காலி. ஆட்டம் இவ்வளவு இழுக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மேலே கஸ், "ஐயோ, போச்சு!" என்று அலறினான்.

பெர்னடெட்டுக்குக் கை கால் ஓடவில்லை. துவைத்ததையே திரும்பப் போட்டால் ஏமாற்று வேலை. அழுக்காக மிச்சம் இருந்தது, அவள் மேலே போட்டிருந்த ஸ்டீமர்ஸ் சட்டை ஒன்றுதான். அதுவோ அக்டோபர் பிறந்து மூன்று வாரமாகத் தண்ணீரையே பார்க்காதது. எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்த மாதத்தில் சட்டை துவைக்கமாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் மூக்கே சொல்லிவிடும். துவைத்தால் ஒரு ராசி போகும், துவைக்காவிட்டால் இன்னொரு ராசி போகும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. பன்னிரண்டு படி. ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். தோற்றாலும் ஜெயித்தாலும் தன் கண்ணால் பார்த்ததாக இருக்கும். அவள் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தாள், இரண்டாவதிலும் வைத்தாள். கதவிடுக்கில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் தெரிந்தது.

அப்புறம், "எக்கேடோ கெட்டுப் போங்கடா" என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்து, சட்டையைத் தலைவழியாக உருவி இயந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். உள்பனியனோடு, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, அது தண்ணீரில் முங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எவ்வளவு நேரம் நின்றாளோ, திடீரென்று மேலே இடிந்து விழுவது போல அதிர்ந்தது. உத்தரத்துத் தூசி அவள் தலையில் கொட்டியது. கஸ் குதிக்கிறான். ஐர்மா கீச்சிடுகிறாள். வால்ட், அந்த ஊமைக்கோட்டான், தொண்டை கிழியக் கத்துகிறான்.

எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று பேரும் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். திரையில் ஸ்டீமர்ஸ் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். அவளும் சிரித்தாள், அழுதாள். கடைசி அவுட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்த்தாள்தான். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதெல்லாம் ஆறிப்போன காப்பி.

"ஆமா, உன் சட்டை எங்கடி?" என்றாள் ஐர்மா.

"மெஷின்ல."

வால்ட்டுக்கு முகம் வெளிறிவிட்டது. "துவைச்சிட்டியா?"

"வேற துணி இல்ல. கஸ் ஐயோன்னு அலறினானே, அப்பப் போட்டேன்."

கஸ் விரலை மடக்கினான். "மூணு பேஸ்லயும் அவங்க ஆளு நின்னுச்சு. அதுக்கப்புறம் மூணு பேரு வரிசையா அவுட்டு!"

மூவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"அப்ப சரி. செவ்வாய்க்கிழமை ஃபைனல் ஆரம்பிக்குது, அன்னிக்கும் ஒம்போதாவது இன்னிங்ஸுக்கு அந்தச் சட்டைதான்" என்று வால்ட் முடிவு கட்டினான்.

"இல்ல வால்ட்... ஃபைனலாச்சும் நான்..." என்று இழுத்தாள்.

"நாலே நாலு ஜெயிச்சா போதும் பெர்னி" என்று ஐர்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஊர்வலம் வருமில்ல, அத ஆசை தீரப் பாரு."

அவளை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போய் நிலவறையில் போடப் போவதில்லை. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெர்னடெட் தன் நாற்காலியைப் பார்த்தாள். அதில் கஸ்ஸின் கோட்டு கிடந்தது. திரையைப் பார்த்தாள், கடைசிப் பந்தை வீசிய பையன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை ஆத்திரத்திலும் அந்தப் பையனை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் திரைச்சீலையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இப்ப என்ன பண்றே?" என்றான் வால்ட்.

"செவ்வாய்க்கிழமைக்குத் துவைக்க இது பத்தாது. மாடியில இருக்கறதையும் கழட்டிட்டு வா."