கைக்குட்டையில் ஒரு பொட்டு

எங்கள் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்கு அடியில், ஒரு வெள்ளைக் கைக்குட்டை மடித்து வைத்திருக்கிறேன். நடுவில் குங்குமம் தீற்றிய கறை. எட்டாம் வகுப்பில் எங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த மேடத்துடையது அது.

மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு நாலு நாள் பயிற்சி தர வந்தவர். கடைசி நாள் டவுனில் ஒரு ரஷ்ய நாடகத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, முதல் நாளே அதில் ஒரு காட்சியை எங்களை நடிக்க வைத்தார். எனக்கு விதவை வேஷம். "இது எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே தன் கைக்குட்டையால் என் குங்குமப் பொட்டைத் துடைத்துவிட்டார்.

அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அவர் கடலில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் வெறும் நெற்றியோடு இருக்கக்கூடாது. அம்மா முகம் கழுவினால் ஈரம் காயுமுன் பொட்டு வைத்துவிடுவாள். அப்போது அப்பா நிக்கோபார் போயிருந்தார். நடந்ததை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சோறு இறங்கவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை வரவேண்டிய கப்பல் வரவில்லை.

அன்றுதான் நாடகம். ஹிந்தியில் போட்டார்கள். புருஷன் இறந்த சேதியோடு கடிதம் வந்ததும் ஒரு பெண் சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த காட்சியில் கறுப்பு உடையில் வந்தாள். பக்கத்திலிருந்த மேடத்தின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கப்பா கப்பல் இன்னும் வரல, மேடம். நீங்க பொட்டை அழிச்சுட்டீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். பாதி நாடகத்தில் எழுந்து, என்னை ஆட்டோவில் ஏற்றி, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த கிளார்க், "மௌசம் கராப், மேடம். வானிலை சரியில்ல, கப்பல் வரும்போதுதான் வரும்" என்றார். ஒரே குடையில் நின்றோம். "உங்க சாமி பேரைச் சொல்லு, நானும் சொல்றேன்" என்றார். கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர், என்னோடு சேர்ந்து முருகா முருகா என்றார். எங்கள் வீட்டுப் பயத்தை அவர் தன் பயமாக எடுத்துக்கொண்டதை இன்றுவரை சாமி காரியமாகவே நினைக்கிறேன்.

இருட்டுமுன் கப்பல் வந்தது. அப்பா டீசல் வாசத்தோடு இறங்கி, "என்ன பாப்பா, நாடகம் ஜெட்டியிலயா?" என்றார். மேடம்தான் அழுதார். கைக்குட்டையை என் கையில் வைத்து, "இனிமே யார் நெத்தியையும் கேக்காம தொடமாட்டேன்" என்றார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

இன்று என் மகளுக்குப் பள்ளியில் போலீஸ்காரர் வேஷம். பொட்டு இருக்கக்கூடாதாம். அவள் அப்பாவுக்கும் கப்பலில்தான் வேலை. இந்நேரம் ஹட் பே துறைமுகம் தாண்டியிருப்பார். "நீயே தொடைச்சு விடும்மா" என்று முகத்தை நீட்டினாள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அந்தக் கைக்குட்டையாலேயே துடைத்தேன். பழைய கறையின் மேல் புதுச் சிவப்பு படிந்தது. அவள் குதித்துக்கொண்டு போய்விட்டாள். நான் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறேன். கரை சேர்ந்தேன் என்று அவர் போன் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன்.