பனிக்கு மேல் ஓர் அரங்கேற்றம்

அக்காவின் அரங்கேற்றம் நடந்தது எண்பதுகளின் கடைசியில். அழைப்பிதழில் மாதமும் திகதியும் இருக்கின்றன. ஆண்டை அச்சிட மறந்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயதோ, எட்டோ.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட மண்டபம் அகப்படாததால், மாமா தொலைவில் ஒரு கவுன்சிலின் பனிச்சறுக்கு அரங்கை வாடகைக்குப் பிடித்தார். பெரிய கச்சேரிகள் நடக்கிற இடம் என்று அவருக்குப் பெருமை. ஒரு நாளைக்காகப் பனியை உருக்கமாட்டார்கள், அதன்மேல் பலகை மட்டும் அடுக்குவார்கள் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது.

"பலகைக்குக் கீழ இருக்கிறது அங்கயே இருக்கட்டும். எங்களுக்கென்ன?" என்றார் மாமா.

வெளியே புரட்டாதி வெயில். உள்ளே நடராசர் சிலையை வைத்ததும், வழக்கம்போல எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். முதலில் துள்ளியவர் மாமாதான்.

நடன ஆசிரியை பலகையில் கால் வைத்துப் பார்த்தார்.

"கால் விறைச்சால் தாளம் பிடிபடாது, பிள்ளை. வேற நாள் வைப்பம். இல்லாட்டி சொக்ஸ் போட்டு ஆடு."

"சொக்ஸுக்கு மேல ஆரும் சலங்கை கட்டுறதே, ரீச்சர்?" என்றாள் அக்கா. இரண்டு கிழமையில் அவள் பல்கலைக்கழகத்துக்கு ஸ்கொட்லாந்து போகவேண்டும். "இண்டைக்கு விட்டால் பிறகு இல்லை. நான் ஆடுறன்."

அலாரிப்பில் அவள் பாதங்கள் சிவந்திருந்தன, வர்ணத்தில் வெளிறிவிட்டன. சபையில் ஒவ்வொருவராகக் கால்களைத் தூக்கிக் கதிரையில் மடக்கிக்கொண்டார்கள். சிலர் நைசாக எழுந்துபோய்ச் சப்பாத்தோடு திரும்பினார்கள். மாமா என் சுவெற்றரை வாங்கி, அதன் கைகளுக்குள் தன் கால்களை நுழைத்திருந்தார்.

வர்ணத்தின் நடுவில் அக்கா தடுமாறினாள். ஆசிரியை தாளத்தை நிறுத்தப் பார்த்தார். அக்கா தலையசைத்து மறுத்துவிட்டு இன்னும் பலமாக மிதித்தாள். தில்லானா முடியும்வரை அந்த மிதி குறையவில்லை.

அம்மா ஆவணியிலும் இரண்டு சோடி சொக்ஸ் போடுகிறவர். லண்டன் குளிர் எலும்புக்குள் ஏறும் என்பார். அக்கா தடுமாறிய அந்தக் கணத்தில் அவர் குனிந்து இரண்டு சோடியையும் கழற்றி மடியில் வைத்தார். வெறும் பாதங்களைப் பலகையில் பதித்தார். கடைசிவரை எடுக்கவில்லை.

அம்மாவுக்கு வியர்க்கிறதாக்கும் என்று நினைத்தேன். மடியிலிருந்த சொக்ஸை எடுத்து, இரண்டு சோடியையும் நானே போட்டுக்கொண்டேன்.