வெல்வெட் சீட் உறை

இதை எழுத உட்கார்ந்து, வெட்கத்தில் எழுந்து போனதிலேயே பல வருஷங்கள் ஓடிவிட்டன.

அப்போது என் சைக்கிளுக்கு வெல்வெட் சீட் உறை, டைனமோ விளக்கு, ஓட்டும்போது உடுத்த வெள்ளை டிரில் துணிக் கால்சட்டை என்று இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டியிருந்தேன். ஒருநாள் வாந்திபேதியில் துவண்ட மூன்று வயது மகளோடு மனைவியைக் கேரியரில் ஏற்றி, அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வழியில் குழந்தை சீட்டிலும் கால்சட்டையிலும் வாந்தி எடுத்தது. அவர்களை இறக்கிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன்.

"புள்ளைக்குக் கண்ணு சொருகுதுங்க!" என்று மனைவி கதறினாள்.

"இரு, கறை புடிச்சிரும்" என்றேன்.

எதிரே வந்த மீன்காரர் தம் துருப்பிடித்த சைக்கிளை நிறுத்தினார். "என்னங்க, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றபடி மீன்கூடையை அவிழ்த்து மரத்தடியில் போட்டார். "ஏறு ஆத்தா" என்று இருவரையும் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி மிதித்தார். கூடையைக் காக்கைகள் மொய்த்தன.

குழந்தை பிழைத்தது. முருகா, நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற என்னை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. அந்தச் சாமான்கள் கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்பவர்களுக்கு, அவற்றுக்காக நான் எதைப் பறிகொடுக்க இருந்தேன் என்பதே பதில்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள், நடந்தபடியே சொல்லுங்கள்.